களை மீண்டும் ஏன் முளைக்கிறது?

ஊரில் உங்கள் தாத்தா, பாட்டி வாழ்ந்த வீடு ஒன்று சில ஆண்டுகளாகப் பூட்டிக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கோடை விடுமுறையில் குடும்பத்தோடு அங்கே போகிறீர்கள். கொல்லைக் கதவைத் தள்ளித் திறந்தால் கால் வைக்க இடமில்லை. நாயுருவி உடையில் ஒட்டுகிறது. இடுப்பளவுக்குப் பார்த்தீனியம் நிற்கிறது. கிணற்றடி முழுவதும் கோரை. வேலியோரம் உண்ணிச்செடிப் புதர். "பாட்டி வைத்த மல்லிகை இங்கேதான் எங்கேயோ இருந்தது" என்கிறார் அம்மா.

இந்த இடத்தை மறுபடியும் தோட்டமாக்க முடியுமா? முடியும். தோட்ட வேலை தெரியாதவர்களும் செய்யலாம். ஆனால் முதலில் பலரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஒரே நாளில் எல்லாவற்றையும் வெட்டிச் சாய்த்து, மண்ணை ஆழமாகக் கொத்திப் புரட்டி, குப்பையைக் கொளுத்திவிடுவார்கள். இடம் பளிச்சென்று ஆகிவிடும். ஆனால் நல்ல மழை பெய்த 15 நாளில், முன்பைவிட அடர்த்தியாகக் களை எழும்பி நிற்கும். புதரோடு புதராக மல்லிகையும் போயிருக்கும்.

வெட்டிய களை எப்படித் திரும்பி வந்தது? விடை மண்ணுக்குள் இருக்கிறது.

உறங்கும் விதைகள்

ஒரு பார்த்தீனியச் செடி ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கிறது. அவை எல்லாம் உடனே முளைப்பதில்லை. பல விதைகள் மண்ணில் புதைந்து, தக்க காலம் வரும்வரை உறங்குகின்றன. பிற களைகளின் விதைகளும் இப்படியே ஆண்டுதோறும் மண்ணில் சேர்கின்றன. இதை 'விதை வங்கி' என்கிறார்கள்.

எவ்வளவு காலம் உறங்கும்? அமெரிக்காவில் மிச்சிகன் வேளாண்மைக் கல்லூரியில் பணியாற்றிய தாவரவியலர் வில்லியம் ஜேம்ஸ் பீல் 1879-ல் ஒரு சோதனையைத் தொடங்கினார். 20-க்கும் மேற்பட்ட செடிவகைகளின் விதைகளை, வகைக்கு 50 வீதம், மணலோடு கலந்து 20 புட்டிகளில் நிரப்பி மண்ணில் புதைத்து வைத்தார். குறித்த கால இடைவெளியில் ஒவ்வொரு புட்டியாக எடுத்து விதைத்துப் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அவர் மறைந்த பிறகும் மற்றவர்கள் அதைத் தொடர்ந்தார்கள். 2021-ல் எடுத்த புட்டியிலிருந்தும் சில விதைகள் முளைத்தன! அவை வெர்பாஸ்கம் என்னும் பூச்செடி இனத்தைச் சேர்ந்தவை. எல்லா விதையும் இவ்வளவு காலம் தாங்காது. ஆனாலும் ஒரு நாள் வேலையில் விதை வங்கியைத் தீர்த்துவிட முடியாது என்பது புரிகிறதல்லவா?

ஒளி என்னும் அழைப்பு

உறங்கும் விதையை எழுப்புவது எது? நீரும் காற்றும் வெப்பமும் வேண்டும். பல சிறு விதைகளுக்கு இவற்றோடு ஒளியும் வேண்டும். 1952-ல் அமெரிக்காவின் பெல்ட்ஸ்வில் ஆய்வு நிலைய அறிவியலாளர்கள் லெட்டூஸ் கீரை விதைகளைக் கொண்டு இதை ஆராய்ந்தார்கள். சிவப்பு ஒளி பட்ட விதைகள் முளைத்தன. அதன்பின், நம் கண்ணுக்கு அரிதாகத் தெரியும் அடர்சிவப்பு ஒளியைக் காட்டினால் முளைப்பது தடைப்பட்டது. விதைக்குள் இருக்கும் ஃபைட்டோகுரோம் என்னும் நிறமியே இந்த வேறுபாட்டை உணர்கிறது.

பச்சை இலைகள் சிவப்பு ஒளியைப் பெருமளவு உறிஞ்சிக்கொள்கின்றன. அடர்சிவப்பை ஊடுருவ விடுகின்றன. ஆகவே இலை நிழலில் கிடக்கும் விதை, 'மேலே வேறு செடி நிற்கிறது, இப்போது முளைத்துப் பயனில்லை' என்று அறிந்ததுபோல அடங்கியிருக்கிறது. நீங்கள் மண்ணைப் புரட்டும்போது என்ன நடக்கிறது? ஆழத்தில் இருட்டில் கிடந்த விதைகள் மேலே வந்து, வெயிலைப் பார்த்து விழித்துக்கொள்கின்றன. கொத்த, கொத்தக் களை பெருகுவதற்கு இது ஒரு காரணம்.

கோரையின் தந்திரம்

கோரை பரவுவது பெரும்பாலும் விதையால் அல்ல, கிழங்கால். மண்ணுக்குள் அதன் கிழங்குகள் மெல்லிய தண்டுகளால் சங்கிலிபோல இணைந்திருக்கும். ஒரு கிழங்கு முளைத்து வளரும்போது சங்கிலியில் உள்ள மற்றவை பல உறங்கிக் கிடக்கும். மண்வெட்டியால் சங்கிலியைத் துண்டாக்கினால், உறங்கியவை தனித்தனியே முளைத்துவிடும். ஒன்றை வெட்டப் போய் ஐந்தை வளர்த்த கதையாகிவிடும்!

அப்படியானால் கோரையை ஒழிக்கவே முடியாதா? அதற்கும் பலவீனங்கள் உண்டு. முதலாவது, வெயில். ஈரமண்ணைக் கிளறிக் கிழங்குகளைப் பொறுக்கி, சிமெண்டுத் தரையில் கோடை வெயிலில் பரப்பினால் அவை காய்ந்து சாகும். இரண்டாவது, பசி. கிழங்கு தன் சேமிப்பிலிருந்து கடன் கொடுத்துத்தான் புது இலையை வளர்க்கிறது. இலை வளர்ந்து கடனைத் திருப்பித் தருமுன், 2 வாரத்துக்கு ஒருமுறை அதைக் கிள்ளிக்கொண்டே வந்தால் கிழங்கு மெலிந்துபோகும். மூன்றாவது, நிழல். கோரைக்கு நிழல் ஆகாது. தட்டைப்பயறு, பூசணி போன்றவை படர்ந்து மண்ணை மூடினால் அது ஒடுங்கும்.

வேலையைத் தொடங்குவோம்

முதல் நாள் எதையும் வெட்டாதீர்கள். பெரியவர் ஒருவரோடு, காலணி அணிந்து, நீண்ட கோலால் தட்டிக்கொண்டே சுற்றிப் பாருங்கள். புதரிலும் கல் குவியலிலும் பாம்பு, தேள் இருக்கலாம். பாழுங்கிணறு இருந்தால் அருகே போக வேண்டாம். மல்லிகை, கறிவேப்பிலை, முருங்கை என்று காக்க வேண்டிய செடிகளில் துணிக்கிழிசலைக் கட்டிவையுங்கள். அடையாளம் தெரியாததை ஊரில் மூத்தவர்களிடம் காட்டிக் கேளுங்கள்.

அடுத்து, 3 மீட்டர் நீளமும் 3 மீட்டர் அகலமும் உள்ள ஓர் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மற்ற இடங்களில் களை பூக்குமுன் அறுத்துவிட்டால் போதும். விதை வங்கியில் புதுச் சேமிப்பு விழாது. பார்த்தீனியத்தைக் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. அது சிலருக்குத் தோல் அரிப்பையும் மூச்சிரைப்பையும் தரும்.

எடுத்துக்கொண்ட இடத்தைச் சுத்தம் செய்து, பாத்தி கட்டி நீர் தெளியுங்கள். ஆனால் எதையும் விதைக்காதீர்கள்! 15 நாளில் களைகள் முளைக்கும். அவற்றை மேலாக, 2 அல்லது 3 செ.மீ. ஆழத்துக்கு மட்டும் சுரண்டி எடுங்கள். இன்னொரு முறையும் இப்படிச் செய்தால் மேல்மண்ணில் உள்ள விதைகள் பெரிதும் குறைந்துவிடும். பிறகு உங்கள் விதையை ஊன்றுங்கள். செடி எழும்பியதும் அதைச் சுற்றிக் காய்ந்த சருகை 10 செ.மீ. உயரத்துக்குப் பரப்புங்கள். இதற்கு மூடாக்கு என்று பெயர். இது ஒளியை மறைத்துச் சிறு விதைகளை உறங்கவைக்கும், ஈரத்தையும் காக்கும். கோரை மட்டும் சருகைத் துளைத்துக்கொண்டு வரும். அதைக் கிள்ள மறக்காதீர்கள். இந்த இடம் கைக்குள் வந்த பிறகே அடுத்த துண்டுக்குப் போகலாம்.

நீங்களே செய்து பாருங்கள்

கொல்லை மண்ணை நன்றாகக் கலந்து, ஓட்டையுள்ள இரண்டு பழைய தட்டுகளில் ஒரே அளவு பரப்புங்கள். இரண்டிலும் நாள்தோறும் நீர் தெளியுங்கள். 15 நாள் கழித்து முளைத்த செடிகளை எண்ணி, பிடுங்கிவிடுங்கள். இப்போது முதல் தட்டின் மண்ணைக் கிளறிவிடுங்கள், இரண்டாவதைத் தொடாதீர்கள். மீண்டும் 15 நாள் கழித்து எண்ணுங்கள். எந்தத் தட்டில் அதிகம் முளைத்தது? ஏன்? இரண்டு எண்ணிக்கையையும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கொல்லையில் மண்வெட்டியை எடுக்குமுன் அந்தக் குறிப்பை வீட்டில் உள்ளவர்களுக்குக் காட்டுங்கள்.