ஐந்து பவுண்டுத் தாளில் ஒரு கற்பாலம்

நாம் நாள்தோறும் கைமாற்றும் பணத்தாள்களின் பின்புறத்தை நிதானமாகப் பார்ப்பது அரிது. நூறு ரூபாய்த் தாளில் குஜராத்தின் ராணி கி வாவ் படிக்கிணறும், ஐம்பது ரூபாய்த் தாளில் ஹம்பியின் கல் தேரும் இடம்பெற்றுள்ளன. இங்கிலாந்து வங்கி 1990ஆம் ஆண்டில் வெளியிட்ட ஐந்து பவுண்டுத் தாளிலும் அவ்வாறே ஒரு கற்கட்டடம் இருந்தது. இரயில் பொறியாளர் ஜார்ஜ் ஸ்டீபன்சனின் உருவத்துடன் அச்சிடப்பட்டிருந்த அது, டார்லிங்டன் நகரில் ஸ்கர்ன் ஆற்றின் குறுக்கே நிற்கும் இரயில் பாலம். வேடிக்கை என்னவெனில், அப்பாலத்தை வடிவமைத்தவர் ஸ்டீபன்சன் அல்லர்.

இங்கிலாந்தின் வடகிழக்கே, டர்ஹாம் பகுதியின் சுரங்கங்களிலிருந்து நிலக்கரியை ஸ்டாக்டன் துறைக்குக் கொண்டுசெல்ல ஓர் இருப்புப்பாதை வேண்டும் என்று டார்லிங்டன் வணிகர்கள் முனைந்தனர். முன்னின்றவர் எட்வர்டு பீஸ் என்னும் கம்பளி வணிகர். அவருக்குத் துணைநின்றது அந்நகரின் பாக்கௌஸ் வங்கிக் குடும்பம். இருவரும் குவேக்கர் சமயக் குழுவைச் சேர்ந்தவர்கள்.

அந்த வங்கியைப் பற்றி டார்லிங்டனில் வழிவழியாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு. நம் வாசகர்களுக்கு அது சுவையாக இருக்கும். தம் நரிவேட்டை நிலங்களுக்கு ஊறு வரும் என்று இரயில் பாதையை எதிர்த்த ஒரு பிரபு, பாக்கௌஸ் வங்கியின் தாள்களைச் சேர்த்து ஒரே நாளில் நீட்டிப் பொன் கேட்கத் திட்டமிட்டாராம். செய்தி அறிந்த ஜோனத்தன் பாக்கௌஸ் இலண்டனுக்கு விரைந்து பொன்னுடன் திரும்பினார். வழியில் வண்டியின் முன்சக்கரம் கழன்றது. பொன் மூட்டைகளைப் பின்புறம் அடுக்கிச் சமன் செய்து, மூன்று சக்கரங்களிலேயே ஊர் வந்து சேர்ந்தார் என்பது கதை. எவ்வளவு உண்மையோ! ஆனால் வங்கியும் நிலைத்தது, இரயில் திட்டமும் நிலைத்தது.

பாதை டார்லிங்டனில் ஸ்கர்ன் ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. ஸ்டீபன்சன் அங்கு இரும்புப் பாலத்தையே எண்ணியிருந்தார். அதே பாதையில் கான்லெஸ் ஆற்றின் மீது 1823இல் அவர் எழுப்பிய இரும்புப் பாலம் மறு ஆண்டே வெள்ளத்தில் சேதமுற்று, கூடுதலாக ஒரு கண் சேர்த்துத் திருப்பிக் கட்டப்பட்டது. இயக்குநர்கள் ஸ்கர்ன் பாலத்திற்கு இக்னேஷியஸ் போனோமி என்னும் டர்ஹாம் கட்டடக் கலைஞரைக் கலந்து பேசுமாறு பணித்தனர். கான்லெஸ் வெள்ளம் அவர்கள் நினைவில் இருந்திருக்கும் என்றே நாம் கருதுகிறோம். போனோமி கல்லைத் தேர்ந்தார். அடிக்கல் 1824 ஜூலை 6 அன்று நாட்டப்பட்டது. 1825 செப்டம்பர் 27 அன்று, லோகோமோஷன் என்னும் எந்திரம் நிலக்கரியையும் நூற்றுக்கணக்கான மக்களையும் இழுத்துக்கொண்டு அதன் மேல் சென்றது.

கல் ஏன் தாங்கியது? கல்லை அழுத்தினால் அது பெரும் பாரம் பொறுக்கும். இழுத்தால் எளிதில் விரியும். வளைவின் திறமை, மேலிருந்து வரும் பாரம் முழுவதையும் அழுத்தமாகவே மாற்றுவதில் உள்ளது. ஆப்பு வடிவில் செதுக்கிய கற்கள் ஒன்றையொன்று நெருக்கி, எடையைப் பக்கவாட்டில் தூண்களுக்கும் நிலத்திற்கும் கடத்துகின்றன. பாரம் ஏற ஏறக் கற்கள் மேலும் இறுகும். கட்டும்பொழுது மரச் சாரம் வேண்டும். உச்சிக் கல் வைத்து முடித்த பின் சாரம் தேவையில்லை. போனோமியின் பாலத்தில் ஆற்றின் மீது ஒரு பெரிய வளைவும், இருபுறமும் கரையோர நடைபாதைகளுக்காக ஒவ்வொரு சிறு வளைவும் உள்ளன. அலங்காரம் மிகக் குறைவு. நீர் பெருகும்பொழுது சிறு வளைவுகளும் வழிவிடக்கூடியவை என்பதால், அழகும் பயனும் இங்கே பிரிந்து நிற்கவில்லை.

பாலத்திற்குச் சோதனைகளும் வந்தன. சில ஆண்டுகளிலேயே பக்கச் சுவர்களை வளைந்த தாங்குசுவர்களால் வலுப்படுத்த நேர்ந்தது. கரையின் மண் வெளிப்புறமாகத் தள்ளுவதைத் தடுப்பது அத்தகைய சுவர்களின் வேலை. பிற்காலத்தில் வடபுறம் அகலப்படுத்தியதில் அப்பக்கத்து முகப்பு மறைந்தது. தூய்மையான பழமையை நாடுவோர்க்கு இது குறையே. ஆயினும் அந்த மாற்றங்கள்தாம் அதை வேலையில் வைத்திருந்தன. இந்தியாவில் முதல் பயணிகள் இரயில் பம்பாயிலிருந்து தாணேவிற்கு ஓடியது 1853இல். அதற்கு 28 ஆண்டுகள் முன்பே கட்டிய இப்பாலத்தில், பிஷப் ஆக்லந்து நோக்கிச் செல்லும் பயணிகள் இரயில்கள் இன்றும் ஓடுகின்றன. இடைவிடாது பயன்பாட்டிலுள்ள இரயில் பாலங்களில் உலகிலேயே பழமையானது என்று அதைக் குறிப்பிடுவர். கான்லெஸ் இரும்புப் பாலமோ 1901இல் அகற்றப்பட்டு, அருங்காட்சியகப் பொருளாக உள்ளது.

ஸ்டீபன்சன் தாள் 2003 நவம்பரில் செல்லுபடியாவதிலிருந்து விலக்கப்பட்டது. வெளிநாட்டு உறவினர் தந்த பழைய தாள் எவரிடமேனும் இருந்தால், அதைக் கடைகளில் ஏற்கமாட்டார்கள். ஆனால் இங்கிலாந்து வங்கி, தான் வெளியிட்ட பழந்தாள்களை முகமதிப்பிற்கு இன்றும் மாற்றித் தருகிறது. மாற்றுவதற்கு முன், பின்புறத்துப் பாலத்தை ஒருமுறை பார்த்துவிடலாம்.