காலையில் பேசுங்கள்

2018 மே மாதம், நெல்லையில் ஒரு பிளஸ் டூ மாணவர், அப்பா குடியை விட வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். பிள்ளைகள் சுமக்க வேண்டிய பாரமல்ல இது. பெரியவர்களான நாம்தான் பேச வேண்டும்.

சாக்கடைக்குள் இறங்குகிறவர் நாற்றம் மரக்கக் குடிக்கிறார். ஊரோ நம் தெருவையே குடிகாரத் தெரு என்கிறது. அதே ஏச்சை வீட்டிலும் கேட்டால் மனிதர் எங்கே போவார்? கடைக்குத்தான்.

போதையில் இருப்பவரிடம் பேசிப் பயனில்லை. காலையில், நிதானத்தில் இருக்கும்போது, பழைய கணக்கை எடுக்காமல் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்: "நேத்து ராத்திரி பாப்பா பயந்து தூங்கவே இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போவோமா? நானும் வாரேன்." மறுத்தால் சண்டை வேண்டாம், இன்னொரு நாள் கேளுங்கள். அவர் மதிக்கிற மச்சானை விட்டும் கேட்கலாம். குடிக்காத நாளில் கூட உட்கார்ந்து சாப்பிடுங்கள். கை ஓங்குகிற வீடென்றால், முதலில் பிள்ளைகளோடு வெளியேறுங்கள்; பேச்செல்லாம் பிறகு.

கோயிலில் கயிறு கட்டுவதோடு நிறுத்திவிடாதீர்கள். பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென விட்டால் நடுக்கம், வலிப்பு, சித்தக் குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்து. மருத்துவர் பார்வையில்தான் விட வேண்டும். பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. மனம் உடைந்திருக்கும் மாணவர்களும் 14416-க்கு எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே.