இடிபாடும் கழிவும்: மௌலிவாக்கக் கட்டடங்களை முன்வைத்து

‘இடிபாடு’, ‘கட்டடக் கழிவு’ ஆகிய சொற்கள் ஒரே பொருளைச் சுட்டினும் அதனை அகற்றும் முறையை வேறுபடுத்துகின்றன. சென்னைப் புறநகரான மௌலிவாக்கத்தில், கட்டப்பட்டு வந்த 11 மாடிக் கட்டடம் 28.06.2014 அன்று இடிந்து 61 பேர் உயிரிழந்தனர். உள்ளே சிக்கியோரை மீட்கும்பொருட்டுக் கான்கிரீட் தளங்களைத் துண்டுதுண்டாக வெட்டி நீக்க வேண்டியிருந்தது. அருகிலிருந்த இணைக்கட்டடம், சுற்றுப்புற மக்கள் வெளியேற்றப்பட்ட பின், 02.11.2016 அன்று வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அக்குவியலில் எஞ்சியவை கட்டுமானப் பொருள்களே.

2016ஆம் ஆண்டு நடுவண் அரசு வெளியிட்ட விதிகள், பெருமளவில் கட்டடக் கழிவை உருவாக்குவோர் கான்கிரீட், மண், எஃகு, மரம், செங்கல் முதலியனவாக அதனைத் தரம் பிரிக்குமாறு பணித்தன. இவ்வகைப்பாடு இரண்டாம் குவியலுக்குப் பொருந்தும். முதற்குவியலோ மீட்புக்களம், விபத்தின் காரணத்தை உணர்த்தும் சான்றுமாகும். ஆகவே, மீட்பும் புலனாய்வும் நிறைவுற்ற பின்னரே இடிபாட்டைக் கழிவெனப் பெயரிடுதல் தகும்.