உங்களுக்குத் தெரியுமா? சிம்மைக் கழற்றினாலும் திருட்டுப் போனை முடக்கலாம்

திருடன் சிம்மைத் தூக்கி எறிந்த பிறகும் உங்கள் போனை நாட்டின் எந்த நெட்வொர்க்கிலும் வேலை செய்யாதபடி முடக்க முடியும். இதற்கான மத்திய அரசின் சிஇஐஆர் (மையக் கருவி அடையாளப் பதிவேடு) ஏற்பாடு 2019 செப்டம்பரில் முதலில் தொடங்கியதே மும்பையில்தான். 2014 முதல் லோக்கல் ரயிலும் மெட்ரோவும் சந்திக்கும் அந்நகரின் காட்கோபர் நிலைய நெரிசலில் தினமும் ஏறி இறங்குகிறவர்கள் அவசியம் அறிந்திருக்க வேண்டியது இது.

முடக்கப்படுவது சிம் அல்ல, கருவிக்கே உரிய 15 இலக்க ஐஎம்இஐ எண். *#06# அழுத்தினால் திரையில் வரும். இரட்டை சிம் போனில் இரண்டு எண்கள். இதை முன்கூட்டியே தாளில் எழுதிவைப்பதுதான் புத்திசாலித்தனம். போன் பறிபோன பிறகு அழுத்திப் பார்க்கத் திரை ஏது? ‘பெட்டியிலேயே அச்சிட்டிருக்கிறதே’ என்பார்கள். உண்மைதான், பெட்டி பழைய பேப்பர்காரரிடம் போகாத வரை! ‘எண்ணையே மாற்றிவிட்டால்?’ என்பது நியாயமான கேள்வி. அப்படி மாற்றுகிறவர்களும் உண்டு. ஆனால் 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் அதற்கு மூன்றாண்டு வரை சிறை. சிலர் மாற்றுவார்கள் என்பதற்காக நாம் முடக்காமல் விடுவதில் அர்த்தமில்லை. போன் பறிபோனால், போலீஸ் புகார் நகலோடு மத்திய அரசின் சஞ்சார் சாத்தி இணையதளத்தில் பதியுங்கள். ஓடிபி வர ஒரு மொபைல் எண் கைவசம் இருக்கட்டும். போன் திரும்பக் கிடைத்தால் அங்கேயே முடக்கத்தை நீக்கிக்கொள்ளலாம்.