கம்ப்ரசர் வாங்குமுன் காற்றையும் காதையும் கேளுங்கள்

பஞ்சர் கடை, பெயிண்டிங் பட்டறை நண்பர்கள் எங்களிடம் கம்ப்ரசர் வாங்க வந்தால் முதலில் கேட்பது "எத்தனை எச்.பி.?" என்பதுதான். எச்.பி. மோட்டாரின் பலம், வேலைக்கு வேண்டியது காற்று. நிமிடத்துக்கு எத்தனை கன அடி என்று கேளுங்கள். அதிலும் இரண்டு கணக்கு உண்டு. பிஸ்டன் இழுக்கும் அளவு ஒன்று, உண்மையில் வெளியே வரும் எஃப்.ஏ.டி. அளவு மற்றொன்று. பின்னது எப்போதும் குறைவு. பெரிய எண்ணை மட்டும் சொல்லி விற்பவர்கள் நம் தொழிலிலேயே இருக்கிறார்கள்! எஃப்.ஏ.டி.யைக் கொட்டேஷனில் எழுதி வாங்குங்கள். பெரிய டாங்கி காற்றைச் சேமிக்கும், உற்பத்தியைக் கூட்டாது.

அடுத்தது சத்தம். மேலே வீடு இருக்கும் தெருவில் பட்டறையைக் காலி செய்ய வைப்பது இதுதான். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி பகலில் குடியிருப்புப் பகுதிக்கு 55, வணிகப் பகுதிக்கு 65 டெசிபல் எல்லை; இரவில் இரண்டுக்கும் 10 குறைவு. 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இரு மடங்காகக் கேட்கும். மோட்டாரோடு நேராக இணைத்து 2,800 சுற்று ஓடும் சிறு மெஷின்களே அதிகம் அலறுகின்றன. பெல்ட் போட்டு மெதுவாகச் சுற்றும் பெரிய ஹெட், அதே காற்றை அடக்கமாகத் தரும். நாள் முழுக்கக் காற்று தேவைப்பட்டால் பெட்டிக்குள் அடைத்த ஸ்க்ரூ கம்ப்ரசர் பார்க்கலாம், விலைதான் இடிக்கும். அவ்வப்போது மட்டும் ஓட்டும் கடைக்கு அது வேண்டாம். சூடேறாமல் நின்றால் ஆயிலில் தண்ணீர் சேரும்.

7 பார் போதுமான வேலைக்கு 8 வைக்காதீர்கள். கரண்ட் சுமார் 7 சதவீதம் கூடும். காலடியில் ரப்பர் பேட், காற்று இழுக்கும் வாயில் சைலன்சர் கேட்டு வாங்குங்கள். டாங்கித் தண்ணீரைத் தினமும் திறந்து விடப் பையனிடம் சொல்லி வையுங்கள்.