கேலிக்கு எல்லை: ஐந்துக்கு நான்கு என முடிந்த ஒரு கனடா வழக்கு

ஸ்டாண்ட்-அப் மேடையில் ஒரு மாற்றுத்திறனாளிச் சிறுவனின் பெயரைச் சொல்லிக் கேலி செய்தால், அது பாகுபாடு ஆகுமா? கனடா உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் 2021 அக்டோபர் 29 அன்று இந்தக் கேள்வியில் இரண்டாகப் பிரிந்தார்கள். ஐந்து பேர் நகைச்சுவைக் கலைஞர் மைக் வார்டு பக்கம் நின்றார்கள்.

கியூபெக் மாகாணத்தின் ஜெரமி கேப்ரியல், முக எலும்புகளின் வளர்ச்சியையும் செவித்திறனையும் பாதிக்கும் ட்ரீச்சர் காலின்ஸ் நோய்க்குறியோடு பிறந்தவர். செவிக்கருவி பொருத்திய பிறகு பாடக் கற்றார். 2006-ல் போப் பதினாறாம் பெனடிக்ட் முன்னிலையில் பாடியதும் ஊரே அறிந்த பிள்ளையானார். 2010 முதல் 2013 வரை வார்டு நடத்திய நிகழ்ச்சியில் அவரும் கேலிக்கு ஆளானார். சாகப்போகிற பையன்தானே, ஆசைக்குப் பாடட்டும் என்று விட்டால் ஐந்து வருடமாகியும் சாகக் காணோமே என்ற தொனியில் ஒரு ஜோக். தண்ணீரில் மூழ்கடித்துப் பார்த்தும் பலிக்கவில்லை என்று இன்னொன்று. ஜெரமி அப்போது பள்ளி மாணவர். சக மாணவர்கள் அதையே சொல்லிச் சீண்டினார்கள். தற்கொலை எண்ணம் வரை போனதாகப் பின்னாளில் அவர் சொன்னார்.

இது குற்ற வழக்கு அல்ல. மனித உரிமை வழக்கு. கியூபெக் தீர்ப்பாயம் 2016-ல் ஜெரமிக்கு 35,000 டாலர் தரச் சொன்னது. 2019-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை ஏற்றது. உச்ச நீதிமன்றம் புரட்டிப்போட்டது. வார்டு ஜெரமியைத் தேர்ந்தெடுத்தது குறைபாட்டுக்காக அல்ல, பிரபலம் என்பதற்காகத்தான்; யாரும் தொடத் தயங்கும் வேறு பிரபலங்களையும் அவர் விட்டுவைக்கவில்லை என்றது பெரும்பான்மைத் தீர்ப்பு. மனம் புண்பட்டால் மட்டும் போதாது, அந்தப் பேச்சு ஒருவரை மனிதராகவே மதிக்காத அளவு வெறுப்பைத் தூண்டி, அவர் பாகுபாட்டுக்கு ஆளாகும் நிலையை உண்டாக்க வேண்டும் என்றும் அது விளக்கியது. பிரபலம் என்பதற்காக ஒரு சிறுவனின் கண்ணியம் குறைந்துவிடாது என்றார்கள் மற்ற நால்வர்.

வெறுப்புக்கு உயரமான அளவுகோல் வைத்தது சரி. ரசனைக்குச் சட்டம் காவல் நின்றால், அதிகாரத்தில் இருப்பவர்களைக் கிண்டலடிப்பவர்தான் முதலில் மாட்டுவார். ஆனால் 'பிரபலம்' என்ற வாதம் எனக்கு ஒப்பவில்லை. காது கேளாத பிள்ளை பாடுகிறான் என்பதால்தானே அவர் பிரபலமே ஆனார்? இரண்டையும் எங்கே வெட்டிப் பிரிப்பது?

இந்திய உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில், ஒரு திரைப்படம் குறித்த வழக்கில் வேறொரு கோடு கிழித்தது: குறைபாட்டோடு வாழ்வதைப் புரியவைக்கும் நகைச்சுவை வேறு, குறைபாடு உள்ளவரைத் தாழ்த்தும் நகைச்சுவை வேறு.

பாகுபாட்டுச் சட்டம் அவதூறு வழக்குக்கு மாற்று அல்ல என்றும் கனடாத் தீர்ப்பு சொல்லியிருந்தது. அதன்படியே ஜெரமி 2022-ல் வார்டு மீது நஷ்டஈடு கேட்டு உரிமையியல் வழக்குப் போட்டார். காலம் கடந்துவிட்டது என்று அதுவும் தள்ளுபடியானது.