'வென்ட்' வந்த வழி

ஆங்கிலத்தில் 'கோ' என்றால் 'போ'. பயன்பாட்டிலும் இரண்டும் பெரிதும் ஒத்தே நடக்கின்றன. பால் கெட்டுப்போவதையும், மழை பெய்யப்போவதையும் அவர்களும் 'கோ'வைக் கொண்டே சொல்கிறார்கள். ஆனால் 'போனான்' என்பதில் 'போ' இருக்கிறது. 'வென்ட்' என்பதில் 'கோ' எங்கே?

'வென்ட்' பிறந்த வீடு வேறு. 'திரும்பு, செல்' எனப் பொருள்பட்ட 'வெண்டு' என்னும் வினையின் இறந்தகாலமே அது. 'ஸெண்டு' என்பது 'ஸென்ட்' ஆவதுபோல. பழைய ஆங்கிலத்தில் 'கோ'வின் இறந்தகாலம் 'ஏயொடெ'. 15ஆம் நூற்றாண்டளவில் அது மறைய, 'வென்ட்' அவ்விடத்தில் குடியேறியது.

முதலாண்டில் நான் 'கோ'வுடன் 'எட்' சேர்த்து எழுதியபோது வகுப்பே சிரித்தது. நண்பர்களே, அது பிழைதான், ஆனால் அறிவின்மையன்று. விதியைப் பின்பற்றியவன் நான், மீறியது மொழி!